கூடாரத்தை எங்கே அடிப்பது? திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தனிப்பயணம்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆனி மாதக் கடைசியில் 125 சிசி மோட்டார் சைக்கிளில் மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்பு வரை தனியாகச் சென்று, மூன்று இரவுகள் கடற்கரையில் கூடாரமடித்துத் தங்க விரும்புகிறேன். ஆளில்லாத கரைகளாகப் பார்த்துத் தங்கினால் தொந்தரவு இருக்காது என்று நினைக்கிறேன். எங்கே தங்கலாம், எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?"

நீங்கள் தெரிந்தெடுத்த காலம் நல்லது. வாடை ஓய்ந்து கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் இவை. மாரியில் மூதூர், வெருகல் பகுதிகளில் ஏற்படும் வெள்ளத்தைப் பற்றி இப்போது நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வது ஆளில்லாத கரை என்ற எண்ணத்தை மட்டுந்தான். தனியாகப் பயணம் செய்பவர் இரவில் மனிதரின் கூப்பிடு தூரத்திலேயே தங்க வேண்டும். நள்ளிரவில் பாம்பு கடித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, வண்டி மணலில் சரிந்து கால் அகப்பட்டுக்கொண்டாலோ உதவிக்கு வருபவர் அயலில் இருப்பவர்தான். அத்துடன், யாருக்கும் சொல்லாமல் ஒதுக்குப்புறத்தில் அடித்த கூடாரம் ஊராருக்கும் ரோந்து வருபவர்களுக்கும் சந்தேகத்தையே கொடுக்கும். வெறுமையாகத் தெரியும் நிலமும் தனியாருக்கோ, வனவளத் திணைக்களத்துக்கோ, படையினருக்கோ உரியதாக இருக்கலாம்.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வடக்கிலிருந்து திருகோணமலை, வெருகல் வழியாகக் கிழக்குக் கரையோரமாகத்தான் இறங்குகிறார்கள். அவர்கள் பொழுது சாய்வதற்குள் ஒரு கோயிலை அடைந்து, கேட்டுத் தங்கி, விடிய எழுந்து நடக்கிறார்கள். உங்களுக்கும் அந்த முறையே பொருந்தும். கோயில் நிருவாகத்தினரிடமோ, சிறு விடுதி உரிமையாளரிடமோ, கரையில் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டிருக்கும் மீனவர்களிடமோ நாலரை, ஐந்து மணிக்கே போய், யார், எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள் என்பதைச் சொல்லி இடம் கேளுங்கள். எங்கள் ஊர்களில் முறையாகக் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது அரிது. கிராம உத்தியோகத்தருக்கும் தெரிவிக்கும்படி அவர்கள் சொன்னால், அதையும் செய்துவிடுங்கள்.

மீனவர்களிடம் கேட்கும்போது கரைவலைப் பாடு, அதாவது கரையிலிருந்து வலை இழுக்கும் இடம், எங்கே என்று மறவாமல் விசாரியுங்கள். அமைதிக் காலத்தில் ஒவ்வொரு பாட்டிலும் விடியற்காலையிலேயே தோணி இறங்கும். வலையின் இரு கயிறுகளையும் பலர் சேர்ந்து கரைக்கு இழுப்பார்கள். அந்த இடத்தில் கூடாரம் நின்றால் அவர்களுடைய அன்றைய தொழில் கெடும். எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்பதை வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி காட்டுவார். அவர் காட்டும் இடம் அலை ஏறாத இடமாகவும் இருக்கும் என்பதால், உங்கள் வேலையும் பாதி முடிந்துவிடும்.

அடுத்தது காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, சூடேறி நம் பக்கம் இறங்குவதே கச்சான். கடற்கரையில் காற்று கடலிலிருந்துதான் வரும் என்று எண்ணிக் கூடாரத்தின் முதுகைக் கிழக்கே வைத்தால், இரவில் தரைப்பக்கமிருந்து வீசும் கச்சான் வாசல் வழியாக மணலைக் கொண்டுவந்து கொட்டும். ஆகவே தாழ்ந்த பக்கம் மேற்கே இருக்கட்டும். சாதாரண முளைகள் மணலில் நிற்கமாட்டா. சிறு பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். வண்டியின் பக்கத் தாங்கிக்குக் கீழே ஒரு தட்டைப் பலகைத் துண்டை வையுங்கள். தென்னையின் கீழ் நிழல் நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் அங்கே படுக்க வேண்டாம்.

வீதியைப் பொறுத்தவரை, 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, பின்னர் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் ஆகிய இடங்களிலும் பாலங்கள் அமைந்ததால், ஆற்றைக் கடக்க மிதவைப் பாதைக்காகக் காத்து நின்ற காலம் முடிந்துவிட்டது. ஏ15 வீதியில் மட்டக்களப்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான். ஆனால் மூதூருக்கு அப்பால் வீதி கடலை விட்டு விலகி, வயலும் காடுமாகச் சென்று, வெருகலைக் கடந்த பின்பே கதிரவெளிப் பக்கம் மீண்டும் கடலை நெருங்குகிறது. அந்த இடைப்பகுதியில் யானைகள் நடமாடுவதால், அதிகாலையிலும் மாலை மங்கிய பின்பும் அங்கே ஓடவே கூடாது. பகலில் யானையைக் கண்டாலும், தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு, அது முற்றாக விலகும்வரை காத்திருங்கள்.

ஆகவே முதல் இரவை எதிர்த்திசையில், நிலாவெளியில் ஒரு விடுதி வளவில், முழுச் சுமையோடு ஒத்திகையாகக் கழியுங்கள். குறைகள் வீட்டுக்கு அருகிலேயே தெரிந்துவிடும். மறுநாள் காலை உணவுக்குப் பின் புறப்பட்டால் வெருகலை உச்சிப் பொழுதுக்குள் தாண்டி, கதிரவெளியிலோ வாகரையிலோ தங்கலாம். மூன்றாம் இரவு கல்குடா, பாசிக்குடாப் பக்கம். பாசிக்குடாவில் கடல் நெடுந்தூரம் ஆழமில்லாமல் இருக்கும். மற்றக் கரைகளில் தனியாக நீந்த வேண்டாம். ஆற்றுவாய்களிலும் களப்போரங்களிலும் முதலை இருக்கலாம் என்பதால், அங்கே குளிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் தவிருங்கள்.

சுமையில் தண்ணீரும் கருவிகளும் தாழ்வாகவும் உங்கள் உடலுக்கு அண்மையிலும் இருக்க வேண்டும்; கூடாரமும் துணியும் மேலே போகலாம். 125 சிசி வண்டிக்குப் பின்புறப் பாரம் கூடினால் முன்சில்லு இலேசாகித் திருப்பங்களில் பிடிமானம் குறையும். கரையோரக் கிணறுகள் பல உவராக இருப்பதால், ஐந்து லீற்றர் குடிநீர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு மாலையும் தங்கும் இடத்தையும் இடம் தந்தவரின் தொலைபேசி எண்ணையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். 1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ்.

உப்புக்காற்று செயினை மிக விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். நன்னீர் கிடைக்கும் இடத்தில் செயினையும் பிரேக் பகுதிகளையும் கழுவி, காயவிட்டு, செயினுக்கு மட்டும் எண்ணெய் இடுங்கள். மணலில் ஓடுவதற்காக ரயர்க் காற்றைக் குறைத்திருந்தால், தார்வீதியில் ஏறியதும் முதல் வேலையாக அதைப் பழைய அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள்.