தோப்பை விற்க வேண்டாம். மகளை ஜியாலஜியில் சேருங்கள்

அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்திருக்கிறார்கள். விடுதியோடு நான்கு வருடத்துக்கு 14 லட்சம். முந்திரித் தோப்பில் பாதியை விற்றால் 4 லட்சம் வரும், மீதிக்கு வங்கிக் கடன். பெண்ணோ பாறைகளைப் பற்றிய ஜியாலஜிதான் படிப்பேன் என்று நிற்கிறாள். “பொம்பளப் பிள்ளைக்குக் கல்லும் மண்ணும் எதுக்கு? புகை புகைன்னு நாளைக்கு சிமென்ட் ஆலையையே மூடிடுவான்” என்கிறார்களாம் சொந்தக்காரர்கள்.

ஐயா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்வதை விடக் கணக்குச் சொல்வதுதான் உங்களுக்கு உதவும். 10 லட்சம் கடனை 11 சதவீத வட்டியில் ஏழு வருடம் கட்டினால், மாதத் தவணை 17,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும் காலத்து வட்டி தனி. பிடிக்காத படிப்பைப் படித்து வெளியே வரும் பெண்ணின் முதல் சம்பளத்தில் அது எவ்வளவு பங்கு என்று யோசியுங்கள். சொந்தக்காரர்கள் யாரும் அந்தத் தவணையைக் கட்டப்போவதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி எல்லோரும் உங்களிடம் பேசிவிட்டார்கள், நான் பேசவில்லை.

ஆலையை மூடிவிடுவார்கள் என்ற பேச்சைப் பார்ப்போம். அதில் பாதி உண்மை இருக்கிறது. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். நிலக்கரியை நிறுத்திச் சூரிய மின்சாரத்துக்கு மாறினாலும் இந்த 44 கிலோ போகாது, ஏனென்றால் அது கல்லுக்குள்ளேயே இருப்பது. அதனால்தான் சிமென்ட் தொழிலுக்கு, புகையிலிருந்து கார்பனைப் பிடித்துப் பயன்படுத்துவது அல்லது பூமிக்கடியில் தேக்குவது என்ற வழியைத் தேடுகிறார்கள். ஐரோப்பாவுக்கு சிமென்டும் இரும்பும் அனுப்பினால் அவற்றின் கார்பனுக்கும் விலை வைக்கும் நடைமுறை 2026 முதல் வந்துவிட்டது. நார்வேயில் பிரேவிக் என்ற ஊரின் சிமென்ட் ஆலையில் 2025-இல் கார்பனைப் பிடித்துத் தேக்கும் வேலை தொடங்கியாயிற்று. வருடம் 4 லட்சம் டன் பிடித்து, கப்பலில் ஏற்றி, கடலடியிலிருந்து 2,600 மீட்டர் ஆழத்தில் பாறைக்குள் செலுத்துகிறார்கள்.

நம் ஊரிலும் அடையாளம் இல்லாமல் இல்லை. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை, நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து கார்பனைப் பிடித்து சோடா உப்பு செய்யத் தொடங்கிய செய்தி 2017 தொடக்கத்தில் வெளிவந்தது. வருடத்துக்கு 60,000 டன் கார்பன் டை ஆக்சைடு பிடிபடும் என்றார்கள். கார்பனைப் பிடிக்கும் வேலை வேதிப் பொறியாளர்களுடையது. ஆனால் பிடித்ததை வைத்து சோடா உப்பும் யூரியாவும் எவ்வளவுதான் செய்ய முடியும்? சிமென்ட், இரும்பு ஆலைகள் விடுவதில் பெரும் பகுதியைத் தேக்கித்தான் ஆகவேண்டும். எங்கே தேக்குவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் ஆள்தான் ஜியாலஜிஸ்ட்.

ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து இந்த வாயு திரவம் போல அடர்ந்துவிடும். அதை உள்வாங்க நுண்துளை நிறைந்த மணற்பாறை வேண்டும். மேலே கசியவிடாமல் மூட இறுகிய களிப்பாறை வேண்டும். நடுவில் பிளவு ஓடுகிறதா, பழைய எண்ணெய்க் கிணறு திறந்து கிடக்கிறதா, குடிநீர் ஊற்று எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செலுத்திய பிறகும் நில அதிர்வலை அளவீட்டில் அது எங்கே நகர்கிறது என்று வருடக்கணக்கில் கவனிக்க வேண்டும். நார்வேயின் ஸ்லைப்னர் என்ற கடலடி எரிவாயு வயலில் 1996 முதல் இதைத்தான் செய்கிறார்கள். ஐஸ்லாந்தில் எரிமலைப் பாறைக்குள் தண்ணீரோடு செலுத்திய கார்பனில் பெரும்பங்கு இரண்டு வருடத்துக்குள் கல்லாகவே மாறியதை 2016-இல் காட்டினார்கள். நம் தக்காணப் பீடபூமியின் ஒரு பெரும் பகுதியும் அதே பசால்ட் இனப் பாறைதான்.

உங்கள் மகள் வளர்ந்த மண்ணையே பாருங்கள். அரியலூரில் வெளியே தெரியும் அந்தக் கடற்படிவப் பாறைகள் காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பு. அங்கிருந்து கிழக்கே சரிந்து, டெல்டாவுக்கு அடியில் ஆழமாகி, கடலுக்குள் போகின்றன. நத்தைக் கல் என்று அவள் பொறுக்கி வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அது பல கோடி வருடத்துக்கு முந்தைய அம்மோனைட் என்ற கடலுயிரின் படிவமாக இருக்கலாம். டெல்டா விவசாயிக்கு நிலத்தடியில் யார் கைவைத்தாலும் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. “இந்த இடத்தில் செய்யாதே” என்று ஆதாரத்தோடு சொல்லவும் பாறை படித்தவர் வேண்டும். அந்த ஆள் இந்த ஊர்ப் பெண்ணாக இருந்தால் எவ்வளவு நல்லது!

ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். கார்பன் தேக்கும் வேலை இந்தியாவில் இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கிறது. அதை மட்டும் நம்பி யாரையும் சேர்க்கச் சொல்ல மாட்டேன். ஜியாலஜியைச் சொல்வதற்குக் காரணம், அந்த வேலை வரத் தாமதமானாலும் இந்தப் படிப்புக்குச் சுண்ணாம்புச் சுரங்கம், நிலத்தடி நீர், எண்ணெய்த் துறை என்று இன்றே இடம் இருக்கிறது என்பதுதான். எம்.எஸ்சி. முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் போகலாம். அங்கே பெண்களுக்குத் தடை எதுவும் இல்லை. சுரங்கத்துக்கு உள்ளே பெண்கள் வேலை செய்யவும் 2019-இல் நிபந்தனைகளோடு அனுமதி வந்துவிட்டது.

பி.எஸ்சி. ஜியாலஜி சேலம் அரசு கலைக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கட்டணம் சில ஆயிரம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். முதல் வருடமே கணக்கையும் இயற்பியலையும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வருடம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி மும்பை, ரூர்க்கி, கரக்பூர் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.க்கு முயலலாம். அப்போது பணம் தேவைப்பட்டால் கடனைப் பற்றிப் பேசுவோம். இப்போது வங்கியில் கையெழுத்துப் போடாதீர்கள். தோப்புக்கு முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.