ஆஸ்திரேலியாவில் இரவில் விளக்கடித்து நரியைச் சுடுகிறார்களே, இது நியாயமா?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். இருட்டில் இரண்டு கண் மின்னும், வெடிச்சத்தம் கேட்கும், கண் அணையும், பின்னால் யாரோ சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த விளக்கைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன்.

விக்டோரியா மாநிலத்தின் மேற்கே, ஹாமில்டன் பக்கம் ஒரு செம்மறிப் பண்ணையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். யூட் என்று சொல்கிற திறந்த வண்டியின் பின்னால் நின்று விளக்கைச் சுழற்றுவது என் வேலை. சுடுவது முதலாளி. துப்பாக்கியை நான் தொட்டதில்லை, உரிமமும் கிடையாது. இதைச் சொல்லி நழுவப் பார்க்கவில்லை. விளக்குப் பிடிப்பவன் காட்டாமல் சுடுபவனால் சுட முடியாது.

ஊர்க்காரர்கள் சிலர் உடனே சண்டைக்கு வருவார்கள், தெரியும். "நரி முகத்தில் விழித்தால் நல்லது" என்று கேட்டு வளர்ந்தவன்தான் நானும். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, உரிமம் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. அப்போதே, சிறப்பு அனுமதி இல்லாமல் செயற்கை வெளிச்சம் காட்டியோ இரவிலோ வேட்டையாடக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். 1991 திருத்தத்தோடு அந்த உரிமமும் போனது. ஆகவே ஹெட்லைட் கட்டிக்கொண்டு முயலுக்குப் போகிற நம்மூர்ப் பையன்கள் யாரும் என் பதிலைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். நம் நரி நம் மண்ணின் பிராணி.

அங்கே இருப்பது கதையே வேறு. ஐரோப்பியச் செந்நரியை 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள், குதிரையேறி விரட்டி விளையாட. வெப்பமண்டல வடக்கைத் தவிர, கண்டத்தின் பெரும்பகுதிக்கு அது பரவியது. கோடு போட்ட பாண்டிகூட் என்று ஒரு சின்னப் பிராணி ஹாமில்டன் ஊருக்குள்ளேயே திரிந்ததாம். இன்று அது வேலி போட்ட காப்பிடங்களிலும் நரியில்லாத தீவுகளிலும்தான் இருக்கிறது. வார்ணம்பூல் கரையை ஒட்டிய மிடில் தீவுக்கு, தண்ணீர் வற்றும்போது நரிகள் கடந்து போய்ப் பென்குவின்களைக் கடித்துப் போட்டன. நூற்றுக்கணக்கில் இருந்தவை 2005இல் பத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. 2006இல் மரெம்மா காவல் நாய்களைக் கொண்டுபோய் விட்ட பிறகுதான் மீண்டும் பெருகத் தொடங்கின. விக்டோரியா அரசே 2011இல் நரிக்குத் தலைக்கு இவ்வளவு டாலர் என்று கொடுக்கத் தொடங்கியது. "பாவம் நரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாத இடம் அது.

சுடாவிட்டால் என்ன செய்வார்கள்? 1080 என்று ஒரு விஷம், அதை இறைச்சியில் வைத்துப் போடுவார்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தின்ற நாய் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எண்பது மீட்டரில் நெஞ்சில் குண்டு வாங்கிய நரிக்கு அந்த அவஸ்தை இல்லை. ஆனால் காலில் வாங்கி முட்புதருக்குள் போன நரியையும் பார்த்திருக்கிறேன், இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. இரண்டையும் சொன்னால்தான் நியாயம்.

வேட்டை விளையாட்டாக இருந்தால் விளக்கு அடிப்பது அக்கிரமம். வெளிச்சத்தில் மிருகம் மலைத்து நின்றுவிடும், தப்பிக்க வழியே தராமல் கொல்வது அது. ஆட்டைக் காப்பாற்றத்தான் என்றால் அங்கே விளையாட்டும் இல்லை, சம வாய்ப்பும் இல்லை. விளக்கு எதற்கு? எதைச் சுடுகிறோம் என்று தெளிவாகப் பார்க்க. பலர் அதைக் கண்ணைத் தேட மட்டும் வைத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. ஆட்டின் கண்ணும் மின்னும், நாயின் கண்ணும் மின்னும். ஆட்டின் கண் அசையாமல் நிற்கும். நரியின் கண் தரையோடு தாழ்ந்து, மறைந்து மறைந்து, நகர்ந்துகொண்டே வரும். முதலாளி உதட்டில் ஒரு தகர விசிலை வைத்து, முயல் மாட்டிக்கொண்டு கத்துவதுபோல ஊதுவார். நான் விளக்கில் சிவப்புக் கண்ணாடி போட்டுப் பிடிப்பேன், அதற்கு நரி அவ்வளவாக மிரளாது. பக்கத்துப் பண்ணையில் வெறும் கண்ணைப் பார்த்துச் சுட்டு, சொந்த மேய்ப்பு நாயையே கொன்றார்கள்.

என் முதல் வருடம், செப்டம்பர். விசிலுக்கு நேராக வந்து நின்ற ஒரு நரியை அவர் சுட்டார். எடுத்துவரப் போனேன். புரட்டினால் வயிற்றில் காம்பைச் சுற்றி முடி உதிர்ந்திருந்தது. அமுக்கினேன், பால் வந்தது. விரலெல்லாம் வெதுவெதுப்பாக. அந்த மண்ணில் நரி ஆகஸ்ட், செப்டம்பரில் குட்டி போடும். அது எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள்தான் ஒரு பழைய முயல் வளையில் குட்டிகளைக் கண்டுபிடித்தோம். நான்கு, சாக்லேட் நிறம், கண்ணே சரியாகத் திறக்கவில்லை. இரண்டு ஏற்கெனவே செத்திருந்தன. மற்ற இரண்டையும் அவர்தான் முடித்தார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவன். அந்த நாட்டில் அந்தப் பட்டம் செல்லாது. தனியாகப் பரீட்சை எழுத வேண்டும், கட்டணமே பல ஆயிரம் டாலர். செய்முறைத் தேர்வில் ஒருமுறை தோற்றேன், திரும்ப எழுதப் பணம் இல்லை. கன்று திரும்பிக் கிடந்த மாட்டுக்கு ராத்திரி மூன்று மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்த கை இது. அங்கே ஒரு ஊசி போட எனக்கு அனுமதி கிடையாது. கால்நடை மருத்துவர் கிடைக்கவில்லை என்று கிராமப்புறம் முழுக்க விளம்பரம் மட்டும் போட்டுக்கொண்டே இருப்பார்கள்! சரி, போகட்டும்.

அடுத்த வருடம் ஜூலைக் கடைசியில் இரண்டு நாள் மழையோடு குளிர்காற்று அடித்தது. காலையில் பதினோரு ஆட்டுக்குட்டிகள் செத்துக் கிடந்தன. நாக்கு இல்லை, வால் இல்லை. "நரி வேலை, இன்றைக்கு ராத்திரி விடக் கூடாது" என்றார் முதலாளி. நான் கத்தியை எடுத்து வந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். கடிபட்டபோது உயிர் இருந்தால் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டியிருக்கும். நடந்த குட்டிக்குக் குளம்பு நுனியின் மெத்தென்ற ஜவ்வு தேய்ந்திருக்கும். பால் குடித்திருந்தால் இரைப்பையில் கட்டிப்பால் இருக்கும். மூச்சு விட்டிருந்தால் நுரையீரல் வாளித் தண்ணீரில் மிதக்கும். பதினொன்றில் இரண்டுதான் நரி கொன்றது. ஒன்று பிறக்கும்போதே இறந்தது. மீதி எட்டும் சீம்பால் கிடைக்காமல் குளிரில் விறைத்தவை. நரி வந்தது அதற்குப் பிறகு. பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள், தாய் ஒன்றை நக்கிக்கொண்டிருக்கும்போது மற்றது நழுவிப் போயிருக்கும்.

அவர் வெகுநேரம் அந்த வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "தாய் ஆடுகளை எல்லாம் காற்று படாமல் மரவரிசைக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிடலாமா, டாக்?" என்றார். டாக் என்றால் டாக்டர். அந்த நாட்டில் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

நரி குட்டியைக் கொல்லாது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டைக் கொன்றது, என் கையால் பார்த்தேன். செய்யாத எட்டுக்கும் சேர்த்து அதன்மேல் பழி போட்டு, பால் கொடுக்கும் மாதத்தில் கோபத்தோடு துப்பாக்கி எடுப்பதைத்தான் தப்பு என்கிறேன். நரி குட்டி போடுவதற்கு முன்னால், மே, ஜூனில், உடம்பு முழுதாகத் தெரிந்த பிறகு, கிட்டத்தில் சுடுகிறவரை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை.

நான் அங்கிருந்து வந்து மூன்று வருடமாகிறது. போன ஜூலையில் அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். மரவரிசைக்குப் பின்னால் இரட்டைக்குட்டித் தாய் ஆடுகள், நடுவில் காவலுக்கு, ஒட்டக இனத்தைச் சேர்ந்த இரண்டு அல்பாகா. இரவு ரவுண்டை விடவில்லை, ஆனால் ஜூலையோடு துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிடுகிறாராம். விளக்குப் பிடிக்க இப்போது அவர் பேத்தி போகிறாள்.