வாசகர் கேள்வி பதில்: தூரம் தெரியும், நேரம் ஏன் இடிக்கிறது?

கேள்வி: லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகிறது. வகுத்தால் ஆறு மணி நேரம் சொச்சம்தான் வருகிறது. டிக்கெட்டில் எட்டு மணி நேரம் போட்டிருக்கிறார்களே?

வகுத்ததில் தப்பில்லை. ஆனால் 900 என்பது மேலே ஏறி நிலையாகப் பறக்கும்போது, அதுவும் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். தரைக்கு மேல் எவ்வளவு நகர்கிறது என்பது வேறு கணக்கு. சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது, நியூயார்க் போகிறவர்களுக்கு அது எதிர்க்காற்று. 150 கி.மீ. வேகத்தில் முகத்தில் அடித்தால் உங்கள் 900, 750 ஆகிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். 2020 பிப்ரவரியில், அட்லாண்டிக்கில் புயல் அடித்த ஒரு இரவில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது! தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா என்றால் இல்லை, காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் போனது.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. இங்கே கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அங்கே கேட்டில் போய் நிற்கும்வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எல்லாம் சேரும். போதாததற்கு எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டியும் போடுவார்கள். 'இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்' என்ற பெருமையான அறிவிப்பின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: பூமிதான் கிழக்கே சுற்றுகிறதே, மேற்கே போகும் விமானம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டாமா?

காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஓடும் ரயிலுக்குள் எம்பிக் குதித்துப் பாருங்கள், குதித்த இடத்திலேயேதான் விழுவீர்கள்.

கேள்வி: சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் பாதை வில் மாதிரி வளைந்திருக்கிறது. நேராகப் போனால் தூரம் குறையாதா?

குறையாது, அதிகமாகத்தான் ஆகும். வளைந்திருப்பது வரைபடம்தான், ஏனென்றால் உருண்டையைத் தட்டையாக்கி வரைந்திருக்கிறார்கள். நியூயார்க்கும் மாட்ரிட்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 40 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. அந்தக் கோட்டிலேயே நேர் கிழக்காகப் போனால் சுமார் 5,940 கி.மீ. வடக்கே 46 டிகிரிவரை ஏறி இறங்கினால் 5,770தான். நம்பிக்கை வராவிட்டால் ஒரு பூமி உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். தூரம் சொல்லும் இணையதளங்கள் இந்த நூலைத்தான் அளக்கின்றன. நிஜ விமானம் புயலையும், மூடிய வான்வெளியையும் சுற்றிப் போக வேண்டியிருக்கும். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி சுமாரிலிருந்து பதின்மூன்றுக்குப் போய்விட்டது. நூல் மட்டும் அதே நீளம்!

கேள்வி: தூரத்தை வைத்து நேரத்தைச் சட்டென்று கணக்கிட வழி உண்டா?

கி.மீ.யை 850ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். நீண்ட பயணத்துக்கு ஓரளவு சரியாக வரும், எதிர்க்காற்று இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் உள்ள இரண்டு மணிகளையும் மட்டும் கழித்துப் பார்க்காதீர்கள், இரண்டும் அந்தந்த ஊர் நேரம். ஸ்காட்லாந்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுகளுக்கு நடுவே 2.7 கி.மீ.க்கு ஒரு விமானம் ஓடுகிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம், காற்று ஒத்துழைத்த ஒரு நாள் 53 விநாடியில் முடித்திருக்கிறார்கள். அங்கே என் அரை மணி செல்லாது.