அரிசியை எடுத்துக்கொண்டு புத்தகத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, திருப்பூரில் ஒரு லைன் வீட்டுக் காம்பவுண்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். நாங்கள் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் 18 குடும்பங்களுக்கு மாதம் ஒருமுறை அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்து வருகிறோம். எல்லா வீட்டிலும் 6 வயதுக்குள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் இந்த வருடம் மளிகைப் பையோடு ஒரு படக்கதைப் புத்தகமும் சேர்த்தோம். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்போம். அடுத்த மாதம் வரும்போது, "பிள்ளைக்கு வாசித்துக் காட்டினீர்களா, என்ன கதை?" என்று கேட்போம். மூன்றாவது மாதமே ஆறு பேர் புத்தகத்தை எங்கள் திண்ணையிலேயே வைத்துவிட்டு அரிசியை மட்டும் எடுத்துப் போனார்கள். இரண்டு பேர் அரிசிக்கே வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குக் கதை நேரம் வைத்தோம். நாலைந்து பிள்ளைகள்தான் வருகிறார்கள். "வாசித்துக் காட்டுகிறவர்களுக்கு மட்டும் அரிசி என்று சொல்லிவிடலாம்" என்கிறாள் எங்களில் ஒருத்தி. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் தோழியின் யோசனை வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. "சோறு போட்டுத்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தோம்" என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இரண்டுமே பசியோடு இருக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று தெரிந்தவர்கள் செய்த காரியம். ஆனால் எந்தச் சத்துணவுக் கூடத்திலும் வாய்ப்பாடு ஒப்பித்தால்தான் முட்டை என்று சொல்வதில்லை. தட்டை நீட்டினால் சோறு, அவ்வளவுதான். இதையே உங்கள் தோழியிடம் சொல்லுங்கள். அரிசி அந்த வீட்டு அடுப்புக்காக. அதைப் புத்தகத்தோடு முடிச்சுப் போட்டால், அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்றாலே அம்மா முகம் சுருங்குவதுதான் ஞாபகத்தில் நிற்கும்.

அப்புறம், உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். ஒன்று, அந்தக் கையெழுத்து நோட்டு. இன்னொன்று, "என்ன கதை?" என்ற கேள்வி. அந்த 18 அம்மாக்களில் எத்தனை பேருக்குச் சரளமாக வாசிக்க வரும் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்கச் சங்கடமான விஷயம்தான். ஆனால் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற ஒரு பெண்ணின் கையில் புத்தகத்தைக் கொடுத்து, அடுத்த மாதம் நாலு பேர் எதிரில் கதை என்னவென்று கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? அது அவருக்குப் பரீட்சை. புத்தகத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவர்கள் வாசிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தப் பரீட்சை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அரிசிக்கே வராத அந்த இருவரை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இதே தப்பை நான் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் இதுபோல் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டிலிருந்து புத்தகம் திரும்பி வரவே இல்லை. விசாரிக்கப் போனேன். பீரோ மேலே, நாங்கள் கொடுத்த பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. "திறந்துகூடப் பார்க்கலையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "கிழிஞ்சா கேப்பீங்கன்னு பத்திரமா வச்சிருக்கேன்க்கா" என்றார் அந்தப் பெண். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய 3 வயது மகன் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

என்ன செய்வது என்று தெரியாமல் நானே கவரைப் பிரித்துப் பையன் கையில் கொடுத்தேன். அவன் பாட்டி மடியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு பக்கத்தில் சிவப்பு மாடு ஒன்று இருந்தது. பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அடேய், இது நம்ம ஊரு செவலைடா. கொம்பைப் பாரு, ஒண்ணு வளைஞ்சு கெடக்கு" என்று ஆரம்பித்தார். செவலை ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு கம்மாய்க்குள் இறங்கியது, தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடியது எல்லாம் வந்தது. புத்தகத்தில் அச்சாகியிருந்த கதை வேறு. பையன் பக்கத்தைப் புரட்டினான், திரும்பவும் மாட்டுக்கே வந்தான். இரண்டாவது தடவை சொல்லும்போது செவலைக்கு ஒரு கன்றுக்குட்டியும் சேர்ந்துவிட்டது. இருபது நிமிடத்தில் ஒரு எழுத்துகூட வாசிக்கப்படவில்லை.

3 வயதில் வாசிப்பு என்பது இதுதான், தங்கச்சி. படத்தில் இருப்பதும் வெளியில் இருப்பதும் ஒன்று என்று தெரிவது, தாளைப் புரட்டினால் அடுத்தது வரும் என்று காத்திருப்பது, பெரியவர் வாயிலிருந்து புதுப்புது வார்த்தைகள் காதில் விழுவது. இவ்வளவும் ஏறியிருந்தால், அ, ஆ பின்னால் வரும்போது பிள்ளை மிரளாது. இதற்கு அம்மா படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் 1989இல் குழந்தை மருத்துவர்கள் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்கள். வழக்கமான பரிசோதனைக்கு வரும் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் கொடுப்பது. பின்னால் அது அந்த நாடு முழுவதும் பரவியது. புத்தகத்தைக் கொடுப்பதோடு நிறுத்தாமல், குழந்தையோடு சேர்ந்து அதை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பேசுவது என்று அங்கேயே அம்மாவுக்குக் காட்டுகிறார்கள். உங்கள் திட்டத்தில் விட்டுப்போனது இந்த இரண்டு நிமிடம்தான்.

ஆகவே கையெழுத்து நோட்டை இன்றோடு மூடிவிடுங்கள். கணக்கு வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். புத்தகம் திரும்பி வரவேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறையோடு வந்தால் சந்தோஷப்படுங்கள். ஒரு செல்லோடேப் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். "என்ன கதை?" என்று அம்மாவிடம் கேட்பதற்குப் பதில், "இதில் உனக்கு எது பிடிச்சிருக்கு கண்ணு?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை விரலை வைத்துக் காட்டும். அம்மா தானாகவே பேச ஆரம்பிப்பார்.

நேரமும் தப்பு. திருப்பூரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை ஷிப்டு பார்த்தால் ராத்திரி எட்டரை ஆகிவிடும். அதிலும் சனிக்கிழமை சம்பள நாள். வாங்கின கையோடு கடைக்குப் போய், கடனைக் கட்டி, வாரச் சாமான் வாங்க வேண்டும். நாள் முழுக்க செக்கிங் டேபிள் முன்னால் நின்ற பெண் 5 மணிக்குக் கதை கேட்க எப்படி வருவார்? ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் லைன் வீட்டுத் துவைகல்லுக்குத்தான் வருவார்கள். அங்கே நீங்கள் போய்விடுங்கள். அவர்கள் துவைத்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் பிள்ளைகளோடு உட்காருங்கள். காது இந்தப் பக்கம்தான் இருக்கும்.

புத்தகத்தில் எழுத்து குறைவாக, படம் பெரிதாக இருக்கட்டும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்துக் கொடுக்கவும் அனுமதி உண்டு. கலர் ஜெராக்ஸ் எடுத்து நடுவில் பின் அடித்தால் புத்தகம். உங்கள் காம்பவுண்டில் ஒடியா, இந்தி பேசுகிற குடும்பங்களும் இருக்கக்கூடும். அந்த மொழிகளிலும் அங்கே கதைகள் இருக்கின்றன. ஒடியாக்கார அம்மாவைப் படத்தைப் பார்த்து அவர் மொழியிலேயே சொல்லச் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளைகளும் கேட்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

அரசுப் பள்ளியில் படிக்கிற அக்கா, அண்ணன் இருக்கிற வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. மூன்றாம் வகுப்புப் படிக்கிற அக்கா தம்பிக்கு வாசித்துக் காட்டும்போது இரண்டு பேருமே வளர்கிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை வகுப்பு எடுத்த பெண்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். தேடிப் பிடித்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பாயில் உட்காரவைக்கும் வித்தை அவர்களுக்குத் தெரியும்.

அங்கன்வாடி டீச்சரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். சத்துமாவு வாங்கவும், புதன்கிழமை தடுப்பூசி போடவும் கைக்குழந்தைக்காரர்கள் எப்படியும் வந்து காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் கீழே நாலு புத்தகம் கிடந்தால் போதும். கிளை நூலகத்தை மறந்துவிடாதீர்கள். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. அது அந்தப் பிள்ளைகளுக்கும் உரிய இடம்.

வராமல் போன அந்த இரண்டு வீட்டுக்கும் நீங்களே போய் அரிசியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைக்குப் புத்தகப் பேச்சே எடுக்க வேண்டாம். பிள்ளையின் பெயரை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திண்ணையில் கிடக்கிற அந்த ஆறு புத்தகங்களை வரும் ஞாயிறு துவைகல் பக்கம் எடுத்துப் போங்கள். கனமான பாயாக ஒன்றும் கொண்டு போங்கள், அங்கே தரை ஈரமாக இருக்கும்.