மாடி கட்டக் கூடாதென்று மனு: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ‘ஐக்லர் வீடு’ ஒன்றை, அதாவது ஜோசப் ஐக்லர் என்ற கட்டுமான அதிபர் கட்டிய ஒற்றைத் தள வீட்டை, வாங்கிக் குடியேறியிருக்கிறோம். எங்கள் தெருக்களில் இனி யாரும் மாடி கட்டக் கூடாது என்று நகராட்சிக்கு மனு கொடுக்க, அக்கம்பக்கத்தார் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவதற்காகப் பின்னாளில் மாடி எடுக்க நினைத்திருந்தோம். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் போடப்போகும் கையெழுத்து தெருவின் அழகைப் பற்றிய கருத்து அல்ல, உங்கள் மனையின் மேல் விழும் கட்டுப்பாடு. வீட்டை விற்றாலும் அது மனையோடு போகும். அதை நீக்க வேண்டுமானால் இதே மனு நடைமுறையை மறுபடியும் தொடங்க வேண்டும்.

அந்தரங்கம் போய்விடும் என்பது கையெழுத்துக் கேட்பவர்களின் மனக்குறை; அதில் நியாயம் இருக்கிறது. ஜோசப் ஐக்லர் இந்நகரில் கட்டிய 2,000க்கும் மேற்பட்ட வீடுகளில் தெருப்பக்கச் சுவரில் சன்னல் குறைவு. கொல்லைப்பக்கமோ தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிதான். ஆறடி வேலி இருக்கும்வரை அது போதும். பின்மனையில் ஒரு மாடி எழுந்து அதன் படுக்கையறைச் சன்னல் இந்தப் பக்கம் திறந்தால், சாப்பாட்டு மேசை முதல் கூடம்வரை அனைத்தும் அங்கிருந்து தெரியும். திரை போட்டுக்கொள்ளலாம் என்பவர்கள், கண்ணாடிக்காகவே இந்த வீடுகள் விலைபோகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வதும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. வளரும் குடும்பத்துக்கு இடம் வேண்டும். மாடிக்குத் தடை விதித்தால் வீடு பக்கவாட்டில் பரவிக் கொல்லையைத் தின்றுவிடும் என்கிறார்கள். இதற்குக் கணக்குப் போட்டே விடை காண வேண்டும். சாதாரண ஒற்றைக் குடும்ப மனையில், முதல் 5,000 சதுர அடிக்கு 45 விழுக்காடும், அதற்கு மேற்பட்ட பரப்புக்கு 30 விழுக்காடும் கட்டலாம். ஆகவே 6,000 சதுர அடி மனையில், கார் நிறுத்தும் கொட்டகையையும் சேர்த்து 2,550 சதுர அடி. ஒற்றைத் தள வீட்டுக்கு இந்த முழுப் பரப்பையும் தரையிலேயே பரப்பிக் கட்ட விதி இடம் தருகிறது. மாடிக் கட்டுப்பாடு வந்தால் நீங்கள் இழப்பது சதுர அடியை அல்ல, தோட்டத்தை. வீட்டின் உயரமும் பொதுவாக 17 அடியோடு நின்றுவிடும்.

பெற்றோருக்காகத்தான் என்றால், மாடி தேவையா என்றே நான் கேட்பேன். முழங்கால் வலியோடு வருபவர்களுக்குப் படிக்கட்டு ஒரு வசதியா? கொல்லையில் 800 சதுர அடி வரையிலான தனித் துணை வீடு ஒன்றை, 16 அடி உயரத்துக்குள், பக்க எல்லையிலிருந்தும் பின் எல்லையிலிருந்தும் நான்கடி விட்டுக் கட்ட மாநிலச் சட்டமே வழி செய்கிறது. தளப்பரப்பு வரம்பைக் காட்டி நகராட்சி அதை மறுக்க முடியாது. தவிர, ஐக்லர் வீட்டின் மேல் மாடி ஏற்றுவது பெரும்பாலும் ஆகாத காரியம். மெல்லிய தூண்களும் உத்தரங்களும் தாங்கும் தட்டைக் கூரையை நம்பி மேலே கட்ட முடியாது. தரைக் கான்கிரீட்டுக்குள் வீட்டைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாய்கள் ஓடுவதால் புதிய அடித்தளத்துக்காகத் தரையை வெட்டுவதும் சிக்கல். மாடி வேண்டுமானால் வீட்டையே இடிக்க நேரலாம்.

மனு நிற்குமா என்பதையும் பாருங்கள். அப்பகுதியில் 80 விழுக்காடு வீடுகளாவது ஒற்றைத் தளமாக இருக்க வேண்டும். 70 விழுக்காடு மனைகளின் உரிமையாளர்கள் ஒப்ப வேண்டும். எல்லாக் கிரயப் பத்திரங்களிலும் ஒற்றைத் தள நிபந்தனை முன்பே பதிவாகியிருந்தால் 60 விழுக்காடு போதும்; ஆகவே உங்கள் பத்திரத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். 2016இல் இந்நகரின் ராயல் மேனர் பகுதியில் முதலில் ஆதரித்த சிலர் பின்வாங்க, நகர மன்றம் அந்த மனுவை ஏற்கவில்லை. பக்கத்து வீட்டார் முகத்துக்காகப் போட்ட கையெழுத்துகள் இப்படித்தான் பிறகு மனக்கசப்பில் முடிகின்றன. இன்னொன்று, 2019இல் மாநிலம் இயற்றிய வீட்டுவசதி நெருக்கடிச் சட்டம், குடியிருப்பு மண்டலங்களில் உயர வரம்பைக் குறைப்பதையும் கட்டுப்படுத்துகிறது; குறைத்தால் அதற்கு ஈடாக வேறெங்காவது கூடுதல் வீடுகள் கட்ட நகரம் இடம் தர வேண்டும். நகராட்சியின் திட்டத் துறை இதற்கு என்ன பதில் சொன்னது என்று மனுக்காரர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் கவலை அந்தரங்கம் மட்டுமென்றால், 2001 முதல் புதிய மாடித் திட்டங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கும் நடைமுறை நகராட்சியில் இருக்கிறது. அறிவிப்பு வந்ததும் வரைபடத்தைப் பார்த்து, சன்னலை உயர்த்தி வைக்கவோ, மங்கல் கண்ணாடி பொருத்தவோ கோரலாம். ஐக்லர் தெருக்களில் இது பாதித் தீர்வுதான். தோட்டத்தை இழக்க மனமிருந்து, துணை வீடு போதுமென்று தோன்றினால் கையெழுத்திடுங்கள். இடித்துக் கட்டும் எண்ணம் துளியாவது இருந்தால் இப்போதே மறுத்துவிடுங்கள்.