115200-ல் எழுத்துகள் விடுபடுவது வேகத்தால் அல்ல

கணினிக்கும் மோடத்துக்கும் (தொலைபேசி லைன்ல தரவு அனுப்புற கருவி) இடையிலான சீரியல் போர்ட் வேகத்தைக் குறைக்காதீங்க, நொடிக்கு 115200 பிட் இருக்கட்டும். கடலூர் முதுநகரிலிருந்து கோப்பு அனுப்பும்போது பாதியில் எழுத்துகள் விடுபடுதுன்னா, ஆர்டிஎஸ்-சிடிஎஸ் கட்டுப்பாடு (ரெண்டு தனிக் கம்பி வழியா கணினியும் மோடமும் ஒன்னுக்கொன்னு 'பொறு', 'அனுப்பு'ன்னு சொல்ற முறை) அணைஞ்சிருக்கும். 56கே மோடமும் லைனில் மேலே அனுப்புறது சாதாரணமா நொடிக்கு 33,600 பிட்தான். கணினி அதைவிட வேகமா தள்ளுது. மோடம் 'பொறு'ன்னு சொன்னா கணினி அதைக் கேட்கணும்.

லினக்ஸ்ல மோடம் போர்ட்டைக் குறிப்பிட்டு எஸ்டிடிஒய் -ஏ (stty -a) கட்டளையை ஓட்டிப் பாருங்க. சிஆர்டிஎஸ்சிடிஎஸ் (crtscts) முன்னால கழித்தல் குறி இருந்தா அணைஞ்சிருக்குன்னு அர்த்தம். குறி இல்லாம அதே சொல்லை எஸ்டிடிஒய்-க்குக் கொடுங்க. மோடத்திலும் வேணும்: ராக்வெல் சிப்னா ஏடி&கே3 (AT&K3) கட்டளையை மோடத்துக்கு அனுப்புங்க.

போர்ட்டை மூடினா அமைப்பு பழையபடி ஆகிடலாம், அதனால டயல் நிரல் ஓடும்போதே பாருங்க. கேபிள் 3 கம்பின்னா இதெல்லாம் வீண், அதில் அந்த ரெண்டு கம்பியே கிடையாது. துறைமுகத்து உப்புக் காத்துல கேபிள் முனை ஊசிகள்ல பச்சை பிடிச்சிருக்கான்னும் பார்த்துடுங்க.