சுட்ட தோட்டாக் கூட்டை எப்போது வெட்டுவது? கேள்வி பதில்

டெக்சாஸில் வேலை பார்த்த காலத்தில் என் ரைஃபிளுக்கான தோட்டாவை நானேதான் நிரப்பிக்கொள்வேன். இப்போது ஓய்வு பெற்று மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்புமுன் நீளம் பார்த்து வெட்டுவது பற்றி வந்த கேள்விகள் இவை.

அண்ணே, பித்தளை எப்படி நீளும்? (ஆஸ்டினில் இருக்கும் தம்பி)

சுடும்போது கூடு விரிந்து சேம்பரின், அதாவது துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின், சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதை டை என்கிற எஃகு அச்சில் விட்டு அழுத்திப் பழைய பருமனுக்குக் கொண்டுவருகிறோம் இல்லையா? அப்போது பித்தளை, குண்டைப் பிடிக்கும் கழுத்துப் பக்கமாக ஏறிவிடும்.

துளி நீளமாக இருந்தால் என்ன ஆகிவிடும்?

308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டி நிறுத்தும் நீளம் 2.005. இடையில் இருப்பது கால் மில்லிமீட்டர்தான். உச்சத்தைத் தாண்டினால் கூட்டின் வாய், சேம்பர் குறுகும் இடத்தில் போய் முட்டும். கழுத்து விரிய வழியில்லாமல் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விட வேண்டிய நேரத்தில் விடாது, அழுத்தம் எகிறும். துப்பாக்கிக்கும் ஆபத்து, பின்னால் இருக்கும் முகத்துக்கும் ஆபத்து. இரண்டு அளவுக்கும் நடுவில் இருக்கிற கூட்டை வெட்டத் தேவையில்லை.

வெட்டி வைத்த கூடு மறுநாள் மறுபடி நீளமாக இருக்கிறதே?

டையில் விடுவதற்கு முன்பே வெட்டியிருப்பீர்கள். நானும் முதல் தடவை நூறு கூட்டை அப்படி உட்கார்ந்து வெட்டினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீண். துடைத்து, எண்ணெய் தடவி, டையில் விட்டு, அப்புறம்தான் நீளம் அளக்கக் காலிப்பரை எடுக்க வேண்டும்.

சார், எங்கள் லேத்திலேயே வெட்டித் தரலாமா? (அம்பத்தூர் பட்டறைக்காரர்)

கூட்டை வெட்டும் ட்ரிம்மரே ஒரு குட்டி லேத் மாதிரிதான். வெட்டியதும் வாயின் உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே லேசாகச் சரிவு கொடுத்தால் போதும், கத்தி முனையாக்கக் கூடாது. ஆனால் இங்கே ஆர்டர் எடுக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும்கூட 'தோட்டா' என்ற கணக்கிலேயே வரும். உரிமம் இல்லாமல் தொட்டால் வம்பு.

பிஸ்டல் கூட்டுக்கும் வெட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம்.

ஒரே கூட்டை எத்தனை முறை வெட்டலாம்?

எண்ணிக்கையை நம்பாதீர்கள். வாயில் கூடிய பித்தளை உடம்பிலிருந்துதான் வந்தது, அங்கே சுவர் மெலிந்திருக்கும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா பாருங்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மடக்கி, உள்ளே விட்டு வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூடு பழைய பித்தளைக்குத்தான்.